எலும்பில் எத்தனை வருஷம்

ரத்தத்தில் ஒன்றிரண்டு மாதம் இருக்கும், எலும்பில் போய் உட்கார்ந்துவிட்டால் இருபது முப்பது வருஷம்கூட இருக்கும் என்று டாக்டரம்மா இந்தியில் சொன்னார். பக்கத்தில் இருந்த என் மகள் அதைத் தமிழில் எனக்குத் திருப்பிச் சொன்னாள். நாற்பது வருஷத்துக்கு மேல் தாராவியில் இருக்கிறவளுக்கு இந்தி புரியாமலா போகும். முதல் தடவையே புரிந்துவிட்டது. ஆனாலும் நான் வாயைத் திறக்காமல் மகள் சொன்னதையும் கேட்டுக்கொண்டேன். அதை இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது.

டாக்டரம்மா சொன்னது ஈயத்தைப் பற்றி. பழைய பாட்டரிக்குள் தகடு தகடாக இருக்குமே, அந்த ஈயம். அது என் மகளுடைய ரத்தத்தில் இருந்தது. அவளுக்கு அப்போது ஆறாம் மாதம்.

மகளும் மாப்பிள்ளையும் நவி மும்பைப் பக்கம் ஐரோலியில் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் இரண்டு தடவை தங்கிக் கலைந்துவிட்டது. மூன்றாவது தடவை தங்கியபோது செம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். அந்த டாக்டரம்மா மராட்டிக்காரப் பெண், சின்ன வயது, ஒன்றையும் விடாமல் துருவிக் கேட்பவர். மகளுக்கு ரத்தம் ஊறவே மாட்டேன் என்கிறது, அடிக்கடி வயிறு பிடித்து இழுக்கிறது என்றதும், சின்ன வயதில் எங்கே இருந்தாய், அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். இவள் சொல்லியிருக்கிறாள். உடனே தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்துவிட்டார். அதில்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் மகள் போன் பண்ணினாள்.

"எம்மா, நாளைக்கு செம்பூர் வரணும். உனக்கும் ரத்தம் எடுக்கணுமாம்."

"எனக்கு எதுக்குளா? பிள்ளை உண்டாயிருக்கது நீயா நானா?"

"காமெடி பண்ணாத. அப்பா பாத்த வேலையில உள்ள ஈயம் எனக்குள்ள இருக்காம். உனக்குள்ளயும் இருக்கும்னு சொல்லுதாங்க."

அப்பா போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. நான் போனில் அதிகம் பேச மாட்டேன். நேரிலும் அப்படித்தான்.

அந்த மாதம் என் மனசெல்லாம் வேறொன்றில் இருந்தது. ஏழாம் மாதம் வளையல் போட்டு மகளை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட வேண்டும், பேறுகாலத்தை நானே பார்க்க வேண்டும் என்று எட்டு வருஷமாகக் காத்திருந்தேன். பழைய நூல் சேலைகளைக் கிழித்துத் துவைத்து மடித்து வைத்திருந்தேன். சுக்கும் கருப்பட்டியும் வாங்கியாகிவிட்டது. ஒரே அறைதான் என் வீடு. அதில் கட்டிலை எந்தப் பக்கம் நகர்த்தினால் அவளுக்குக் காற்று வரும் என்றுகூடப் பார்த்து வைத்திருந்தேன்.

இங்கே ஒற்றை அறை வீட்டைக் கோலி என்பார்கள். எங்கள் கோலி மேலே. ஏறுவதற்கு இரும்பு ஏணி. கீழே இப்போது பை தைக்கிறார்கள். அப்போது அங்கே பட்டி இருந்தது. பட்டி என்றால் உலை. என் வீட்டுக்காரர் அதில்தான் வேலை பார்த்தார். லாரி, டாக்சி பாட்டரிகளைக் கோடாலியால் உடைத்துத் தகடுகளை உருவி, இரும்புச் சட்டியில் போட்டு உருக்கி, அச்சில் ஊற்றிக் கட்டியாக்க வேண்டும். மேலே மிதக்கிற சாம்பலைக் கரண்டியால் வழித்து எறிவார்கள். அந்தச் சாம்பல் எங்கள் ஏணி வரைக்கும் வரும்.

வேலை முடிந்து அவர் ஏணியில் ஏறுகிற சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. நாலாவது படி மட்டும் ஆடும். நல்ல மனசோடு வந்தால் அந்தப் படியில் வேண்டுமென்றே இரண்டு தடவை மிதித்து ஆட்டுவார். வீட்டுக்குள் இருக்கிற எனக்குச் சிரிப்பு வரும், காட்டிக்கொள்ள மாட்டேன். கண் இமை முடியெல்லாம் சாம்பல் பூத்திருக்கும். மகள் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வாள். "தொடாத, அப்பா அழுக்கு" என்று ஒரு தடவை சொல்வார். ஒரே ஒரு தடவைதான். அதற்குள் தூக்கித் தோளில் வைத்திருப்பார். அவர் சட்டையை நான் கையால்தான் கசக்குவேன். மூன்றாவது தண்ணீர்கூடச் சாம்பல் நிறத்தில் போகும். எங்கள் துணிகளும் அதே வாளியில்தான் நனையும். அது தப்பு என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? அவருக்குக் கடைசிக் காலத்தில் மணிக்கட்டு தொங்கிப்போய்த் தம்ளரைத் தூக்க முடியவில்லை. பிறகு சிறுநீரகம் கெட்டுப்போய்விட்டது. அப்போதும் டாக்டர்கள் சாராயம் குடிப்பாரா என்றுதான் கேட்டார்கள். அவர் குடித்ததேயில்லை.

செம்பூரில் எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். நாலைந்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. மகளுக்கு இருந்ததைவிட எனக்கு அதிகம். டாக்டரம்மா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். அப்போதுதான் ரத்தத்தில் எத்தனை நாள், எலும்பில் எத்தனை வருஷம் என்று சொன்னார். அதோடு விடவில்லை. வயிற்றுப் பிள்ளைக்கு எலும்பு உருவாகும்போது தாயின் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து போகுமாம். அது போகும்போது கூடவே ஈயமும் இறங்கிப் பிள்ளைக்குப் போகுமாம். மகள் அதைத் தமிழில் சொல்லும்போது பாதியில் நிறுத்திவிட்டாள்.

பிறகு டாக்டரம்மா என்னைப் பார்த்து, இந்தியில் அம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி மாஜி என்று கூப்பிட்டுச் சொன்னார். "மாஜி, பழைய கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் இவ்வளவு இருக்கக் கூடாது. இன்னும் எதிலிருந்தோ உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. அது எது என்று கண்டுபிடிக்க வேண்டும்." கண்மை, குங்குமம், மஞ்சள்தூள், நாட்டு மருந்து, பெயின்ட் அடித்த பாத்திரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் மகள்தான் பதில் சொன்னாள். ஈயம் புளிப்பில் பட்டால் நாக்குக்குக் கொஞ்சம் தித்திக்கும் என்றும், பெயின்ட்டில் ஈயம் இருந்தால் அதுவும் தித்திக்கும், சின்னப் பிள்ளைகள் சுவரில் உரிந்ததைப் பிய்த்துத் தின்பது அதனால்தான் என்றும் சொன்னார். கடைசியாக, எது என்று தெரிகிற வரைக்கும் தாராவி வீட்டுக்கு இவளைக் கூட்டிப்போக வேண்டாம் என்றார்.

கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று பார்த்து வைத்ததெல்லாம் அந்த ஒரு பேச்சில் போயிற்று.

வெளியே பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது மகள் சொன்னாள்.

"அப்பா ஒரு நாளாவது குளிச்சிட்டு மேல ஏறியிருக்கலாம்லம்மா."

"தண்ணி எங்க இருந்துச்சுளா? குழாயில அரை மணி நேரம்தான் வரும்."

"அது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் கோவம் வருது. வயித்துல கை வச்சா அப்பா ஞாபகம் வருது. அப்பா ஞாபகம் வந்தா கோவம் வருது."

அவளுக்குப் பஸ் வந்துவிட்டது. நான் என் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு என் முழங்கையைப் பிடித்துப் பார்த்தேன். தோலுக்கு அடியில் எலும்பு தட்டுப்பட்டது. இதற்குள் அவர் கொண்டுவந்தது இருக்கிறதா என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பயந்துபோய் ஐரோலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். எனக்கோ பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

மறுநாள் வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் பரப்பினேன். மசால் டப்பாக்கள், அலுமினியச் சட்டி, சாமி படத்து முன்னால் இருக்கிற குங்குமச் சிமிழ். ஒவ்வொன்றையும் மோந்து பார்த்தேன். மோந்து பார்த்தால் தெரியுமா என்ன. அப்போது பக்கத்து வீட்டு மதினி ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். சொந்தக்காரி இல்லை, அப்படிக் கூப்பிட்டுப் பழகிவிட்டோம். வாய் கொஞ்சம் நீளம்.

"என்ன மதினி, கடை விரிச்சிருக்க? யாவாரம் ஆரம்பிச்சிட்டியா?"

"சும்மா, தூசி தட்டுதேன்."

"தட்டு தட்டு. எனக்கு ரெண்டு துண்டு ஊறுகா போடு. ராத்திரிக் கஞ்சிக்கு வேணும். நானும் இத்தனை வருசமா கேக்கேன், நீ சொல்ல மாட்டேங்க. நான் போட்டா வெறும் புளிப்பு, உன்னோடதுல மட்டும் கடைசில ஒரு தித்திப்பு நிக்கு. சீனி போடுதியா, வெல்லம் போடுதியா?"

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்ல மாட்டா. கைப்பக்குவம்னு சொல்லுவா" என்று அவளே சொல்லிக்கொண்டாள். ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். ஜாடி அவள் கண்ணுக்கு எதிரேதான் இருந்தது. பார்த்துவிட்டுத்தான் போனாள்.

ஒன்றும் போட்டதில்லை. எலுமிச்சங்காய், உப்பு, மிளகாய், அவ்வளவுதான். அந்தத் தித்திப்பு என் கைப்பக்குவத்தில் வந்தது என்றுதான் நானும் நம்பியிருந்தேன். ஊரெல்லாம் கேட்டு வாங்கிப்போகும்போது உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கல்யாணமாகி வந்த புதிதில் முதல் தடவையாக இங்கே எலுமிச்சங்காய் உப்பில் போட்டேன். காயெல்லாம் மேலே வந்து மிதந்தது. உப்புத் தண்ணீருக்கு மேலே நின்றால் பூஞ்சை பிடித்துவிடும். நான் ஜாடியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"ஏளா, என்னத்துக்கு அதைப் போட்டு முறைச்சுக்கிட்டு இருக்க?"

"காய் மிதக்கு. மேல கனமா ஒரு கல்லு வைக்கணும். இந்த ஊர்ல சுத்தமான கல்லு ஒண்ணு கிடையாது."

"கல்லுக்கா பஞ்சம்? கட்டர்ச் சாக்கடைல எத்தனை கிடக்கு."

"கட்டர்க் கல்லப் போட்டு நீங்களே தின்னுங்க."

அவர் சிரித்தார். மறுநாள் சாயங்காலம் நாலாவது படி இரண்டு தடவை ஆடியது. பேப்பரில் சுற்றி ஒன்று கொண்டுவந்தார். கிண்ணத்தைக் கவிழ்த்தது போல உருண்டையாக ஒரு ஈயக்கட்டி. புதிதாக ஊற்றின ஈயம் வெள்ளி மாதிரி மின்னும், பிறகுதான் கறுக்கும். "சோப்புப் போட்டு மூணு தடவை கழுவிட்டேன். கல்ல விட கனம். இரும்பு மாதிரி துரு ஏறாது" என்றார். துரு ஏறாதது சுத்தமானது என்று அவருக்கு எண்ணம். எனக்கும் அப்படித்தான் பட்டது.

பிறகு கேட்டார். "உன் பேரு எப்படி எழுதணும்? முதல் எழுத்த மட்டும் சொல்லு."

அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. நான் அஞ்சாவது வரைக்கும் போனவள். விரலைத் தண்ணீரில் நனைத்துத் தரையில் அந்த எழுத்தை எழுதிக் காட்டினேன். அது காய்வதற்குள் அவர் ஒரு ஆணியை எடுத்து ஈயத்தில் கீறினார். ஈயம் வெண்ணெய் மாதிரி, நகத்தால் கீறினாலே தடம் விழும்.

"கோணலா இருக்கே" என்றேன்.

"கோணலா இருந்தாலும் உன் பேருதான. யாரும் களவாண்டுட்டுப் போக முடியாது."

அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் எலுமிச்சங்காய் உப்பில் கிடக்கிற இருபது நாளும் அந்தக் கட்டிதான் மேலே உட்காரும். முதலில் துணியில் சுற்றி வைத்தேன். துணியில் பூஞ்சை வந்ததால் பிறகு வெறுமனே வைத்தேன். அவர் போனபிறகும் வைத்தேன். மற்ற நாளில் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பேன்.

மதினி போனதும் ஜாடியின் துணியை அவிழ்த்தேன். அந்த வருஷத்துக் காய் உள்ளே இருந்தது. கட்டியை எடுத்துத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். மேலெல்லாம் வெள்ளையாக ஒரு மாவு. எழுத்து இல்லை. கீறின இடம் எது என்றுகூடத் தெரியவில்லை. அது வருஷக்கணக்கில் மங்கிக்கொண்டே வந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வயசானால் எல்லாம் மங்கும் என்று நினைத்திருந்தேன். மங்கினது எங்கே போகும் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. என் பேரின் முதல் எழுத்தை நாங்கள் மூன்று பேரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறோம்.

இதை உடனே மகளிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. நாலு நாள் சொல்லவில்லை. சொன்னால் அவள் என் வீட்டுப் பக்கமே வர மாட்டாள் என்று ஒரு பயம். ஏற்கெனவே அப்பா மேல் கோபமாக இருக்கிறவளிடம் இதையும் கொண்டுபோய்ப் போடுவதா என்று இன்னொரு பயம். காயை எல்லாம் கொட்டிவிட்டேன். கட்டியை நாலைந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றி மூலையில் வைத்தேன். இனிமேல் யாரும் தின்னப்போவதில்லை, பிறகு எதற்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காலையில் மகள் போன் பண்ணினாள்.

"எம்மா, ஊறுகா முடியப் போகுது. அடியில கொஞ்சம்தான் கிடக்கு. காலைல குமட்டலுக்கு அது ஒண்ணுதான் கேக்கு. தினமும் அத வச்சுத்தான் ஓட்டுதேன். இந்த வருசத்து ஊறுகா ரெடியா?"

அவளிடம் போன வருஷத்து ஜாடி ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். நான்தான் கொடுத்து அனுப்பினேன். அந்த நாலு நாளில் அது ஒரு தடவைகூட என் நினைவுக்கு வரவில்லையா, வந்தும் நான்தான் தள்ளினேனா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"அதத் தின்னாதளா" என்றேன்.

"ஏன்?"

"தின்னாத. நான் வாரேன்."

கட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டு சயானில் ரயில் ஏறித் தானேயில் மாறி ஐரோலியில் இறங்கினேன். தனியாக அவ்வளவு தூரம் நான் போனதில்லை. பை தோளை இழுத்தது. மடியில் வைத்தேன், அப்போதும் கனத்தது. பக்கத்தில் இருந்த பெண் உள்ளே என்ன, தேங்காயா என்று கேட்டாள். தலையை ஆட்டினேன்.

மாப்பிள்ளை உள் அறையில் ஆபீஸ் போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க அத்தை" என்று கையைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் குடிக்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். ஜாடி, மிதக்கிற காய், கட்டி, தித்திப்பு, எல்லாம். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் ஒரே மூச்சில் பேசினதில்லை.

அவள் கேட்டது ஒன்றுதான். "உனக்கு எப்ப தெரியும்?"

"அஞ்சு நாளாச்சு."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். ஜாடியை எடுத்து மூடியை இறுக்கி ஒரு கவருக்குள் போட்டுக் கட்டினாள். கட்டு அவிழ்ந்துவிட்டது, மறுபடி கட்டினாள். திரும்பி வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அஞ்சு நாளும் நான் தின்னேம்மா."

பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளே மாப்பிள்ளை இங்கிலீஷில் யாரிடமோ சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்டது.

மகள் பையைப் பார்த்து, "அதைக் காட்டு" என்றாள்.

"தொடக் கூடாதுளா."

"தொடல. காட்டு."

கவரோடு எடுத்து மேஜை மேல் வைத்தேன். அவள் குனிந்து பிளாஸ்டிக் வழியாகப் பார்த்தாள். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தலையைச் சாய்த்துத் தேடினாள்.

"இதுல உன் எழுத்து இருக்குமே. எங்க?"

"போயிட்டு."

"நான் சின்னப்பிள்ளையில இதுல விரல வச்சு எழுதிப் பாப்பேன். நீ சோறு பொங்கும்போது. எனக்குத் தெரிஞ்ச முதல் தமிழ் எழுத்து அதுதான். ரொம்ப நாளா அது ஒண்ணுதான் தெரியும்."

அது எனக்குத் தெரியாது. அவள் இந்தி ஸ்கூலில் படித்தவள். இன்றைக்கும் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். தெரியாமலே இருந்துவிட்டேனே என்று அதற்கும் சேர்த்து அழுகை வந்தது.

"அழாத. அழுதா மட்டும் வெளிய வந்துருமா?" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "புருசனும் பொண்டாட்டியும் சேந்து என்னா வேலை பாத்துருக்கீங்க" என்றாள். திட்டினாளா சிரித்தாளா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. "அப்பா உனக்கு ஆசையா செஞ்சு குடுத்தாரு. அதப் போய்."

"கோவப்படு. அப்பா மேல வேண்டாம், என் மேல படு."

"படுவேன். முதல்ல டாக்டருக்குப் போன் பண்ணுதேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. பழையதை என்னால் எடுக்க முடியாது, புதிதாகப் போவதை நிறுத்தத்தான் தேடினேன், அது கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டாராம். மகளுக்கு இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை, பால், கீரை, கேழ்வரகு என்று எழுதிக் கொடுத்தார். சத்து வெளியிலிருந்து போனால் எலும்பு கரைய வேண்டியதில்லை, எலும்பில் இருப்பது அங்கேயே கிடக்கும் என்றார். மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இறங்கியது.

ஊறுகாய் வாங்கின வீடுகளுக்கெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு நாக்கு எழவில்லை. மதினியிடம் மட்டும் சொன்னேன். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அதான் அன்னைக்கு ஜாடிய வச்சுக்கிட்டே இல்லன்னியா? நான் உன்ன ஒரு வாரமா கஞ்சப் பிசினாறின்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியேன்."

"நான் எப்படி மதினி ஒவ்வொரு வீடா போய்ச் சொல்லுவேன்?"

"நீ ஏன் சொல்லணும்? நான் சொல்லுதேன். எனக்கு வாய் எதுக்கு இருக்கு."

அன்று சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. இரண்டு பேர் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு வீட்டில் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். அது நியாயம்தான்.

கட்டியை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. குப்பையில் போடக் கூடாது என்றார் டாக்டரம்மா. அடுத்த தடவை செம்பூருக்குப் போனபோது, பழைய பாட்டரி எடுத்துக்கொள்கிற ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரர் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது எதிலிருந்து வந்தது?" என்று கேட்டார். "வீட்டில் இருந்தது" என்றேன். அவர் அதைப் பழைய பாட்டரிகள் இருந்த பெட்டிக்குள் போட்டார். தொம்மென்று ஒரு சத்தம். மறுபடி உருக்குவார்கள், தகடாக்குவார்கள், ஏதாவது வண்டிக்குள் போகும். இப்போதும் சயான் சிக்னலில் ஆட்டோக்கள் வரிசையாக நின்று உறுமும்போது, இதில் எதற்குள் இருக்கிறதோ என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். பச்சை விழுந்ததும் எல்லாம் ஒன்றாகக் கிளம்பிப் போய்விடும்.

ஏழாம் மாத வளையல் ஐரோலியில்தான் நடந்தது. மகளை நான் கூட்டி வரவில்லை, அவள்தான் என்னைக் கூட்டிப்போனாள். நான் கிழித்து வைத்தவை அந்த வாளியில் நனைந்தவை என்பதால் சேலைத் துணிகளைப் புதிதாக வாங்கித் துவைத்தோம். மாப்பிள்ளை எதிரே வந்தால் எனக்கு இன்னமும் எழுந்து நிற்கத் தோன்றும். அவர், "உக்காருங்க அத்தை, இது உங்க வீடுதான்" என்பார். என் வீடு இல்லை என்று எனக்குத் தெரியும். அங்கே ஏணி இல்லை, லிப்ட் இருந்தது. யார் வருகிறார்கள் என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது.

பெண் குழந்தை. தொப்புள்கொடியிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கொஞ்சம் இருக்கிறது, பயப்படுகிற அளவு இல்லை, பார்த்துக்கொண்டே வருவோம், தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். மகள் அதைத் தமிழில் எனக்குச் சொல்லவில்லை. பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு அழுதாள். கொஞ்சம்கூட இல்லை என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்கு இருந்தது. அந்தக் கொஞ்சத்தில் அந்த ஐந்து நாளும் இருக்கும்.

அன்றைக்கு மகள் தூங்கினபிறகு, நானே டாக்டரம்மாவிடம் வாயைத் திறந்து இந்தியில் கேட்டேன். "எனக்கு எத்தனை வருஷம் இருக்கும்?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரத்தத்தில் இருப்பது குறைந்துவிடும் மாஜி. எலும்பில் இருப்பது, உங்கள் வயதுக்கு, கடைசி வரைக்கும் கொஞ்சம் இருக்கும். வயசானால் எலும்பு தேயும், தேய்ந்தால் அது மறுபடி ரத்தத்துக்கு வரும். அதனால் கால்சியம் மாத்திரையை விடாமல் போடுங்கள்."

நான் வருத்தப்படுவேன் என்று நினைத்துத்தான் கையைப் பிடித்திருக்கிறார். சரி என்று தலையை ஆட்டினேன்.

நாற்பது நாள் முடிந்து தாராவிக்கு வந்துவிட்டேன். தினமும் எட்டு மணிக்கு மகள் போன் பண்ணுவாள். பின்னால் பிள்ளை சத்தம் கேட்கும்.

"எம்மா, மாத்திரை போட்டியா?"

"போட்டுட்டேன்."

"பாலோடயா?"

"பாலோடதான்."

ஒரு நாள்கூட விட்டதில்லை. எனக்கு உடம்பைப் பற்றி இவ்வளவு கவனம் வந்ததில் அவளுக்கு ஒரே ஆச்சரியம். நாலாவது படி இன்னும் ஆடுகிறது, சரிபண்ணச் சொல்லவில்லை. மாத்திரையை வாயில் போட்டுப் பாலை ஒரு மடக்கு குடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுப்பேன். எலும்பு கரையக் கூடாது. உள்ளே இருப்பது உள்ளேயே இருக்க வேண்டும்.